பழைய பங்குக் கோயிலை இடிக்காமல் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: எங்கள் பங்குக் கோயில் (ஊர்க் கிறிஸ்தவ ஆலயம்) சுண்ணாம்புக் கட்டடம், தாத்தா காலத்துக்கும் முந்தியது. கடல் பக்கச் சுவரில் பூச்சு உதிர்கிறது. இடித்துவிட்டு கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டலாம் என்று பாதிப் பேர் நிற்கிறார்கள், துபாயில் இருக்கும் பையன்களும் அதற்குத்தான் பணம் தருவார்களாம். ஊரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: முதலில் யாரையும் சிமெண்ட் பூச விடாதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும், சிமெண்ட் அதை அடைத்துவிடும், அப்புறம் உப்பு பூத்து செங்கல்லே பொடியாகும். கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்த்து சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறார்கள், தேடுங்கள். ஒரு சுவரை மட்டும் செய்து காட்டினால் பாதி வாய் அடங்கும்.

பதில்: கடற்கரை ஊரான தரங்கம்பாடிக்கு எல்லாரையும் ஒரு வேனில் கூட்டிப்போங்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், 2004 சுனாமியையும் தாண்டி நிற்கிறது, வழிபாடும் நடக்கிறது.

பதில்: பணம் விஷயம். இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டிலிருந்து சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும். கணக்கை மாதாமாதம் கோயில் வாசலில் ஒட்டுங்கள், எங்கள் ஊரில் சண்டையே கணக்கு விஷயத்தில்தான் வந்தது.

கேள்வி கேட்டவர்: சரி, பங்குப் பேரவையில் (கோயில் மக்களின் பிரதிநிதிகள் குழு) அந்த ஒரு சுவர் யோசனையைப் பேசுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யாராவது உண்டா?