ரூகர் மார்க் 2: கழட்டியாச்சு, மாட்டினா போல்ட் பாதியில நிக்குது. உதவுங்க

பாறைக்காரன் (கொழிஞ்சாம்பாறை)
வணக்கமுங்க. பாயிண்ட் டூ டூ டார்கெட் பிஸ்டல், ரூகர் மார்க் 2. லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. ஒரு மாசமா காலையில முதல் பத்து ரவுண்டுல ரெண்டு மூணு தடவை சுட்ட தோட்டாவோட காலிக்கூடு வெளிய வராம சிக்கிக்குது. சரி, முழுசா கழட்டிச் சுத்தம் பண்ணலாம்னு நேத்து ராத்திரி சாப்பாட்டு மேசையில உக்காந்தேன். கழட்டினது பத்து நிமிசம், மாட்டுறது விடிய விடிய. எல்லாம் மாட்டின மாதிரிதான் தெரியுது, ஆனா போல்ட்டை, அதாங்க தோட்டாவை உள்ள தள்ளி காலிக்கூட்டை வெளிய இழுக்கற இரும்புத் துண்டை, இழுத்தா விரற்கடை அளவு வந்து கல்லு மாதிரி நின்னுடுது. கோயமுத்தூர்ல ஒரு மெக்கானிக் இருக்காராம், நாளைக்கு வண்டியில எடுத்துட்டுப் போயிரலாமா?

கோபாலபுரத்தான்
அண்ணா, வண்டியை எடுக்கறதுக்கு முன்னால லைசென்ஸ் புக்கைத் திறந்து செல்லுபடியாகும் எல்லை என்னன்னு பாருங்க. கேரளான்னு மட்டும் இருந்தா செக்போஸ்ட் தாண்டவே கூடாது. ரிப்பேருக்குத்தான் போறேன்னு சொன்னாலும் கேஸ் கேஸ்தான். நமக்குக் கோயமுத்தூர் பக்கத்து ஊரு, சட்டத்துக்கு அது வேற மாநிலம்.

பழைய ஆர்மரர்
தம்பி, எங்கயும் போக வேண்டாம். இந்த மாடலைக் கழட்டின எல்லாரும் ஒருமுறை அழுதிருக்காங்க. 2016-ல வந்த மார்க் 4-ல ஒரே பட்டன்ல கழட்டற மாதிரி கம்பெனியே மாத்தினதுக்கு இந்த அழுகைதான் காரணம்னு நினைக்கிறேன்.

ட்ரிகர் அழுத்தினா முன்னால அடிக்கற சுத்தி இருக்கே, ஹேமர், அதுக்குப் பின்னால ஒரு மெல்லிசு கம்பி தொங்கும், பேரு ஸ்ட்ரட். கைப்பிடிக்குப் பின்னால மடக்கி மூடறீங்களே, அந்த மெயின்ஸ்பிரிங் கூட்டுக்குள்ள குட்டிக் கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கு. ஸ்ட்ரட்டோட நுனி அதுல உக்காரணும். உங்களுது ஃபிரேமோட குறுக்குப் பின்னுல மாட்டிட்டு நிக்குது. வேற ஒண்ணுமில்ல. பலத்தைப் போட்டு இழுக்காதீங்க.

மேகசினை எடுத்துட்டு, சேம்பர், அதாவது தோட்டா உக்கார்ற அறை, காலியான்னு கண்ணாலயும் விரலாலயும் பாத்துட்டு, மெயின்ஸ்பிரிங் கூட்டைத் திரும்பத் திறங்க. ட்ரிகரை அழுத்தி ஹேமரை முன்னால விழ விடுங்க. ஹேமர் பின்னால சாஞ்சிருந்தா கூடு ஒழுங்கா மூடாது. அப்புறம் டார்ச் அடிச்சு கைப்பிடியோட பின்பக்கத் திறப்புல பாருங்க, ஸ்ட்ரட் தெரியும். பிஸ்டலை மெல்லச் சாய்ச்சுச் சாய்ச்சு அது தன் எடையிலயே பின்னால தொங்கி குழிக்கு நேரா வரணும். வரலைன்னா ஈர்க்குச்சியால தள்ளுங்க. மூடும்போது கடைசியில ஸ்பிரிங்கோட எதிர்ப்பு கைக்குத் தெரியணும். லொட்டுனு லேசா மூடிடுச்சுன்னா தப்பு, திரும்பத் திறங்க.

காலிக்கூடு சிக்கினதுக்கு என்ன எண்ணெய் போட்டிருந்தீங்க?

பாறைக்காரன்
ஐயா, கேட்டுட்டீங்களே… அப்பா சொன்னாருன்னு தேங்காயெண்ணெய்.

பழைய ஆர்மரர்
நினைச்சேன். அது 24 டிகிரிக்குக் கீழ போனா உறையும். மார்கழி விடியக்காலையில உங்க பாட்டில்ல எப்படி இருக்கோ அப்படித்தான் போல்ட்லயும் இருக்கும். வெயில் ஏறினதும் சரியாயிருக்குமே? தோட்டாவுல இருக்கற மெழுகு, ஈயத்தூள், புகைக்கரி எல்லாம் அதோட சேந்து பசையாயிடும். காலிக்கூட்டைப் பிடிச்சு இழுக்கற எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில பல்குத்தும் குச்சியை விட்டுப் பாருங்க, கருப்பா களி மாதிரி வரும். துடைச்சு எடுத்துட்டு துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு. பேரலுக்குள்ள எண்ணெய் தேங்கக் கூடாது. போல்ட்டை எடுத்துட்டா பின்பக்கம் திறந்துதானே கிடக்கு, அங்கிருந்தே பிரஷ்ஷை விடுங்க. குண்டு வெளிய போற வாய்ப்பக்கமா கம்பியை விட்டு வாய்விளிம்பைத் தேச்சுட்டா குறி போச்சு.

சித்தூர் டீச்சர்
சாப்பாட்டு மேசையில வெச்சா சுத்தம் பண்ணீங்க? ஈயங்க அது. பேப்பர் விரிச்சு வேற இடத்துல பண்ணுங்க, சோப்புப் போட்டுக் கைகழுவுங்க. வீட்டுல குழந்தைங்க இருப்பாங்க.

பாறைக்காரன்
டீச்சர், மேசையேதான்… இனி இல்லைங்க. ஐயா, களி வந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே! ஸ்ட்ரட் விழுந்துடுச்சு, மூணாவது தடவையில. போல்ட் முழுசா வருது. ஆனா பேப்பர்ல தீக்குச்சி பருமன்ல ஒரு குட்டி இரும்புக் குச்சி மிச்சம் கிடக்குது. இது இல்லாமயே நல்லா வேலை செய்யுது, பத்துப் பன்னெண்டு தடவை காலியா ட்ரிகர் அழுத்திப் பாத்துட்டேன்.

பழைய ஆர்மரர்
ட்ரிகர்ல இருந்து கையை எடு தம்பி! அது தோட்டாவை அடிக்கற ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தற குச்சி, போல்ட்ல குறுக்கா போகும். அது இல்லாம காலியா அடிச்சா பின் நேரா சேம்பர் விளிம்புலதான் இடிக்கும். உங்க பாயிண்ட் டூ டூ ரிம்ஃபயர் வகை, அதுல தோட்டாவோட விளிம்பைத்தானே அது அடிக்கணும். திரும்பக் கழட்டி அதைப் போட்டுட்டு சேம்பர் வாயை லென்ஸ் வெச்சுப் பாருங்க. பள்ளம் தெரியுதா? உள்பக்கம் பிசிறு தள்ளியிருக்கா? கிளப்ல ஒரு காலிக்கூடு வாங்கி விரலால தள்ளிப் பாருங்க, இடறக் கூடாது.

பாறைக்காரன்
மறுபடி கழட்டினேன், குச்சி போட்டாச்சு. இந்தத் தடவை மாட்டறதுக்கு இருபது நிமிசம். விளிம்புல நகத்துல தடவினா தெரியற அளவுக்கு ஒரு சின்ன வடு இருக்கு. காலிக்கூடு லேசா உரசிட்டு உள்ள போகுது.

பழைய ஆர்மரர்
அரம் போடாதீங்க. தள்ளிவந்த உலோகத்தை இருந்த இடத்துக்கே அழுத்தி விடறதுக்குன்னு ஒரு கருவி இருக்கு, சேம்பர் அயர்ன்னு சொல்வாங்க. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிட்ட இருக்கும், உங்க எல்லைக்குள்ளயே ஆளைத் தேடுங்க. அதுவரைக்கும் சுடாதீங்க.

பாறைக்காரன்
லைசென்ஸ் புக்கைப் பாத்தேன். கேரளா மட்டும்தான்.