நாசர் இன்னொரு ஹிட்லரா? வரலாற்று ஒப்புமைகள் குறித்து

தராசுமுள்:
உலக வரலாறு எழுதுகிறவர்கள் எதற்கெடுத்தாலும் மியூனிக்கை இழுப்பது சலிப்பாக இருக்கிறது. 1938 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினும் பிரெஞ்சுப் பிரதமர் தலாதியேவும் அந்த ஜெர்மன் நகரில் வைத்துச் செக்கோஸ்லோவாகியாவின் சூடேட்டன் பகுதியை ஹிட்லருக்குத் தாரை வார்த்தார்கள். நாட்டுக்குச் சொந்தக்காரர்களைப் பேச்சுவார்த்தைக்கே அழைக்கவில்லை. ஆறே மாதத்தில் தலைநகர் பிராகும் போயிற்று. சரி. ஆனால் 1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்கியபோதும் பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் கண்ணுக்கு அதே படம்தான் தெரிந்தது. நாசர் கை வைத்தது அடுத்தவன் நிலத்திலா? கால்வாய் ஓடுவது எகிப்து மண்ணில். பங்குதாரர்களுக்கு இழப்பீடு தருவதாகவும் சொன்னார். அஸ்வான் அணைக்குப் பணம் தருவதாக இருந்த அமெரிக்காவும் பிரிட்டனும் பின்வாங்கிய ஒரே வாரத்தில் வந்த பதிலடி அது. ‘இன்னொரு ஹிட்லர்’ என்றதும் இது எதுவும் கணக்கில் வரவில்லை.

மேலக்கோபுரம்:
ஈடன் செய்த தப்புக்கு ஒப்புமையைக் கழுவில் ஏற்றுவீர்களா தராசு சார்? 1938 பிப்ரவரியில் சேம்பர்லினோடு ஒத்துப்போகாமல் வெளியுறவு அமைச்சர் பதவியையே விட்டவர் அவர். அவருக்கு வேறு எது நினைவுக்கு வரும்? இன்னொரு பக்கமும் பாருங்கள். 1962இல் சோவியத் ஏவுகணைகள் கியூபாவுக்கு வந்த சிக்கலின்போது அமெரிக்க அதிபர் கென்னடி முதல் உலகப் போர் மூண்ட 1914ஐ நினைத்தார். யாரும் விரும்பாமலே நாடுகள் ஒவ்வொன்றாய்ப் போருக்குள் வழுக்கி விழுந்த கதை. அதனால் நிதானித்தார், கடற்படையை வைத்து வழிமறித்தார், துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுக்க ரகசியமாக ஒப்புக்கொண்டார். அதுவும் ஒப்புமைதானே?

தராசுமுள்:
அதே அறையில் விமானப்படைத் தளபதி லெமே என்ன சொன்னார்? தாக்காமல் வழிமறிப்பதோடு நிற்பது கிட்டத்தட்ட மியூனிக் சரணாகதி மாதிரி என்று கென்னடியின் முகத்துக்கு நேராகவே சொன்னார். (கென்னடியின் அப்பா அந்த நாட்களில் லண்டனில் தூதராக இருந்து சேம்பர்லினை ஆதரித்தவர். குத்து எங்கே விழுந்திருக்கும் பாருங்கள்.) ஒரே சிக்கலுக்கு இரண்டு ஒப்புமைகள், இரண்டு எதிரெதிர் முடிவுகள். அப்படியானால் முடிவெடுத்தது கென்னடியின் சுபாவம், 1914 இல்லை.

பழையதாள்:
நடுவில் ஒரு சின்ன விஷயம். சமுத்திரகுப்தரை ‘இந்திய நெப்போலியன்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, வரலாற்றாசிரியர் வின்சென்ட் ஸ்மித் சூட்டிய பட்டம். தெற்கே காஞ்சி விஷ்ணுகோபன் உள்ளிட்ட அரசர்களைப் பிடித்து விடுவித்ததாக அலகாபாத் கல்வெட்டு சொல்கிறது. நெப்போலியனோ ஸ்பெயினைப் பிடித்துத் தன் அண்ணனை அரியணையில் உட்கார வைத்தவர். பட்டத்தை நம்பினால் தென்னாட்டுப் படையெடுப்பே தப்பாகப் புரியும்.

மேலக்கோபுரம்:
பழையதாள், அது வெறும் அலங்காரம். அதை நானும் ஆதரிக்கவில்லை. நான் சொல்வது வேற்றுமைகளையும் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுவது.

தராசுமுள்:
அதையும் செய்து பார்த்தாயிற்று ஐயா. 1965 ஜூன் 30 அன்று அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி அதிபர் ஜான்சனுக்கு ஒரு குறிப்பு எழுதினார். 1954இல் வியட்நாமில் பிரான்சுக்கு நேர்ந்தது நமக்கும் நேருமா என்பதே கேள்வி. வேற்றுமைகளை ஒழுங்காக அடுக்கினார்: பிரான்ஸ் காலனி ஆட்சியைத் திரும்பப் பிடிக்கப் போனது, நாம் அப்படி இல்லை, அங்கே உள்நாட்டு ஆதரவு சிதறிக் கிடந்தது, இங்கே அப்படி இல்லை. நாலு வாரத்தில் ஜான்சன் துருப்புகளைக் கூட்டுவதாக அறிவித்தார். அந்தப் பேச்சிலும் மியூனிக் வந்தது.

மேலக்கோபுரம்:
அந்த வேற்றுமைகள் எல்லாம் வாஷிங்டனிலிருந்து பார்த்தவை. காலனிக்காரன் இல்லை என்று அமெரிக்கா தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டால் போதுமா? பிரெஞ்சுக்காரனோடு எட்டு வருஷம் சண்டை போட்ட வியட்நாம் விவசாயிக்கு அடுத்து வந்த வெள்ளைச் சிப்பாய் எப்படித் தெரிந்தான் என்று யாரும் எழுதவில்லை. 1954இல் பிரான்ஸ் தோற்ற டியென் பியென் பூ போரின் ஒப்புமையை விடாமல் பிடித்திருந்த வெளியுறவுத் துணைச் செயலர் ஜார்ஜ் பால்தான் அந்தக் கூட்டத்தில் சரியாகச் சொன்னவர். அவரைக் கேட்டிருந்தால் ஒப்புமையே காப்பாற்றியிருக்கும்.

தராசுமுள்:
ஜார்ஜ் பால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரெஞ்சு அரசோடு நெருக்கமாக வேலை செய்த வழக்கறிஞர். இந்தோசீனப் போர் (வியட்நாம் போர்தான்) அவர்களை எப்படி அரித்தது என்று கிட்ட இருந்து பார்த்தவர். அந்த அனுபவத்தை ஒப்புமைக் கணக்கில் எழுதாதீர்கள்.