லேசர் கதிர் சீராக விழாவிட்டால் என்ன ஆகும்?

கடலூர்_பையன்: புதுச்சேரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். அணுக்கரு இணைவு லேசரில் கதிர் ஒரே சீராக இருக்கணும் என்கிறார்களே, கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் என்ன கெட்டுவிடும்?

தேவனாம்பட்டினம்: பலூனை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்க தம்பி, இடுக்கில் பிதுங்கும். லேசர் நாலாபக்கமும் அழுத்தி நசுக்கும் எரிபொருள் உருண்டையும் அப்படித்தான், சின்ன மேடுபள்ளம்கூட ரேலி-டெய்லர் நிலையின்மையால் (லேசான பொருள் கனமான பொருளைத் தள்ளும்போது எல்லை கோணலாவது) வளர்ந்து எல்லாம் பாழ்.

உப்பளம்_72: அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒமேகா லேசரில் 60 கதிர்கள் நேராக உருண்டை மேலேயே விழலாம் என்பதால் இது பெரிய தலைவலி. கதிரைச் சீராக்கும் ஃபேஸ் பிளேட் என்ற தட்டு வைத்தாலும் ஒளி பொட்டுப்பொட்டாகத்தான் விழும், அதனால் அலைநீளத்தைக் கொஞ்சம் விரித்து அந்தப் பொட்டுகளை வேகமாக இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், சராசரியில் சமமாகிவிடும். கலிபோர்னியாவின் என்.ஐ.எஃப். லேசரில் 192 கதிர்கள், உருண்டையைச் சுற்றியுள்ள சின்ன உலோக உருளையின் உள்சுவரில் பட்டு எக்ஸ்-கதிராக மாறுவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

கடலூர்_பையன்: சரி அண்ணா, பலூன் உடைந்துவிட்டது, ஆனா புரிஞ்சுது.