472–479 கிலோஹேர்ட்ஸ் அன்டெனா: நில இணைப்புக்கு வழி சொல்லுங்கோ

வணக்கம். 2012 உலக வானொலி மாநாட்டில் அமெச்சூர்களுக்கு (பொழுதுபோக்கு வானொலிக்காரருக்கு) இரண்டாம் நிலையில், அதாவது முதல்நிலைச் சேவைகளுக்கு இடைஞ்சல் குடுக்காமல் பாவிக்க, ஒதுக்கின இந்தப் பட்டைக்கு யாழ்ப்பாணத்து வளவொன்றில் அன்டெனா கட்டுறம். கால் அலைநீளமே 158 மீற்றர். எந்தப் பனையும் காணாது. அதால 12 மீற்றர் நிமிர்கம்பி, உச்சியில தலா 10 மீற்றரில மூன்று கிடைக்கம்பி. அன்டெனாவின்ர மின்கொள்ளளவு ஏறக்குறைய 230 பிக்கோபரட். ஒத்திசைக்க 490 மைக்ரோஹென்றி சுருள்: 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயில 2 மில்லிமீற்றருக்கு ஒன்றாக 100 சுற்று.

சிக்கல் நிலம்தான். மேல்மண் கொஞ்சம், கீழ சுண்ணக்கல், நிலக்கம்பி இறங்குதில்லை. கதிர்வீச்சுத் தடை (அலையாகப் போற வலுவுக்குரிய பங்கு) 0.4 ஓம், மொத்தத் தடையோ 50 ஓம்; மிச்சம் பெரும்பாலும் நிலத்தில வெப்பமாப் போகுது. சமதிசைக் கதிர்வீச்சு வலு (எல்லாத் திசைக்கும் சமமா வீசுற அன்டெனாவோட ஒப்பிட்ட வலு) 1 வாட் வரவே 40 வாட் ஊட்ட வேணும். அப்ப சுருளின்ர மேல்முனையில 1300 வோல்ட் நிக்கும். ஈர ஓலை முட்டினால் ஒத்திசைவு நகரும், சிலவேளை பொறியும் பறக்கும்.

கிணத்துக்குள்ள செப்புக்கம்பி விட்டவை, மண்ணுக்கு மேல ரேடியல் (அன்டெனா அடியில இருந்து சுத்திவர விரிக்கிற கம்பி) விரிச்சவை இருக்கிறியளோ? மாரிக்கும் கோடைக்கும் தடை எவ்வளவு மாறினது? எத்தனை ரேடியலுக்குப் பிறகு பலன் நிண்டது?

மற்றது, உரிமத்தில இந்தப் பட்டையைச் சேர்க்கச் சொல்லி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதினவை, என்னென்ன விபரம் இணைச்சனியள்? எழுத்தில அனுமதி வரும்வரை நாங்கள் இந்தப் பட்டையில காது குடுத்துக் கேட்கிறது மட்டும்தான், அனுப்பிறதில்லை.