கோத்தகிரியிலிருந்து கோயேச்சா லாவுக்கு: மலையில் வாழ்வதே போதிய ஆயத்தம் ஆகுமா?

கேட்பவர்: கோத்தகிரி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நாங்கள் ஐவர், வரும் அக்டோபர் இறுதியில் சிக்கிமில் உள்ள கோயேச்சா லா கணவாய்க்குச் செல்லும் மலைப்பாதையில் நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். கணவாயின் உயரம் 4,940 மீட்டர் என்றாலும், பெரும்பாலான குழுக்களைப் போல நாங்களும் சுமார் 4,600 மீட்டரில் உள்ள முதல் காட்சிமுனை வரை சென்று திரும்பவே எண்ணியுள்ளோம். எங்களில் இருவர் தேயிலைத் தோட்டங்களில் நாள்தோறும் சரிவில் ஏறி இறங்கி வேலை செய்பவர்கள். இன்னொருவர் வேட்டைத் தடுப்புக் காவலராகப் பணிபுரியும் இருளர் இளைஞர். எங்கள் எல்லாரையும்விட வலுவாக நடப்பவர் அவர்தான். நானும் என் சக ஆசிரியை ஒருவரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள்; எனக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு.

இரண்டு ஏற்பாட்டாளர்களிடம் விசாரித்தோம். ஒருவருடைய திட்டத்தில் யுக்சோமிலிருந்து முதல் நாளே சோக்கா, மறுநாள் ஜோங்ரி, அதற்கு மறுநாள் தான்சிங் என்று நிற்காமல் நடக்க வேண்டும். மற்றவர் சாச்செனில் ஓர் இரவும் ஜோங்ரியில் ஓர் ஓய்வு நாளும் சேர்த்து, அதற்கேற்ப கூடுதலாகக் கட்டணம் கேட்கிறார். "நாம் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், சமவெளிக்காரர்களுக்குத்தான் அந்த ஓய்வு நாள் தேவை" என்று குழுவில் சிலர் கருதுகிறார்கள். அவர்கள் கருத்தில் எந்த அளவுக்கு உண்மை இருக்கிறது என்பதையும், மீதமுள்ள மாதங்களில் இங்கே எவ்விதமாகப் பயிற்சி செய்யலாம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: சோலைப்பாதை, குன்னூர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் அந்தப் பாதையில் நடந்தவன் என்பதால் முதலில் உயரங்களை நம் ஊர்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். அதிலேயே உங்கள் முதல் கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும். நடை தொடங்கும் யுக்சோம் சுமார் 1,780 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது ஏறக்குறைய உங்கள் கோத்தகிரியின் உயரம்தான். முதல் இரவு தங்கும் சாச்சென் சுமார் 2,200 மீட்டர், அதாவது உதகை. ஆனால் அடுத்த முகாமான சோக்கா ஏறத்தாழ 3,000 மீட்டரில் இருக்கிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நம் மலை நமக்குக் கொடுத்திருக்கும் பழக்கம் இரண்டாம் நாள் நடையின் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே 1,600 மீட்டரோ அதற்கும் அதிகமோ ஏற வேண்டியிருக்கிறது. அங்கே கோத்தகிரிக்காரரும் மதுரைக்காரரும் உடலளவில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருப்பார்கள்.

ஆகவே உங்கள் நண்பர்கள் சொல்வது ஓரளவு உண்மை. உதகை அளவு உயரத்தில் தொடர்ந்து வாழ்பவருக்கு முதல் மூவாயிரம் மீட்டர் வரை சிறு சலுகை உண்டு. மேலும் சரிவில் நடந்து பழகிய கால்கள் எவருக்கும் பெரும் சொத்து. ஆனால் கால் வலுவும் உயரத்துக்கு உடல் பழகுவதும் வெவ்வேறு விஷயங்கள். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான், குறைவது காற்றழுத்தம். கடல்மட்ட அழுத்தத்தில் உதகையில் நமக்கு முக்கால் பங்குக்குச் சற்று மேல் கிடைக்கிறது. கோயேச்சா லாவை நெருங்கும்போது அது பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. அந்தக் குறைவை ஈடுசெய்ய உடல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கக் கற்கிறது, சிறுநீரகம் இரத்தத்தின் காரத் தன்மையைச் சரிசெய்கிறது, பின்னர் மெல்ல மெல்ல இரத்தத்தின் அமைப்பும் மாறுகிறது. இவற்றுக்குத் தேவை நாள்கள். எவ்வளவு கடுமையான பயிற்சியாலும் அந்த நாள்களைச் சுருக்க முடியாது. சொல்லப்போனால், வலுவான நடையர்களே அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர்கள் களைப்பே இல்லாமல் வேகமாக மேலேறிவிடுவதால், உடல் பழகும் முன்பே உயரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். உங்கள் காவலர் தம்பியிடம் இதைத் தனியாக, மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். அவர் குழுவின் கடைசி ஆளோடு நடப்பதே அனைவருக்கும் நல்லது.

மூவாயிரம் மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி. சோக்காவிலிருந்து ஜோங்ரிக்கு, அதாவது சுமார் 4,000 மீட்டருக்கு, ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏற்றம். நிலத்தின் அமைப்பே இந்த நெறியை மீறவைக்கிறது. அப்படி மீறும் இடத்தில் ஓய்வு நாள் சேர்த்துச் சராசரியை 500 மீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். ஜோங்ரியின் இரண்டாம் இரவு அதற்காகவே வைக்கப்பட்டது. இந்த இரவை நீக்கிவிட்டுக் கட்டணத்தைக் குறைக்கும் திட்டத்தை நான் எந்தக் குழுவுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கூடுதல் கட்டணம் கொடுப்பது வீண் செலவு அல்ல. சோக்காவிலும் இரண்டு இரவு தங்க முடியுமா என்று அந்த ஏற்பாட்டாளரிடம் கேட்டுப் பாருங்கள். உங்களில் இருவர் ஐம்பதைக் கடந்தவர்கள் என்பதற்காக அல்ல, ஐவருக்குமே அது நன்மை.

இன்னொன்றையும் புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள்: யாருக்காவது உடல் நலிந்தால் எவ்வழியாக, எவருடைய துணையோடு கீழே இறக்குவார்கள்? ஜோங்ரிக்கு அப்பால் உள்ள முகாம்களான தான்சிங்கிலோ லாமுனேயிலோ நோய் முற்றினால் ஜோங்ரிக்கு மீண்டும் ஏறித் திரும்புவது கொடுமையான செயல். ஜோங்ரிக்கும் தான்சிங்குக்கும் இடையே உள்ள கோக்சுராங்கிலிருந்து, ஜோங்ரியைத் தொடாமலே, சோக்காவுக்கு மேலே உள்ள பேடாங்குக்குச் செல்லும் பாதை ஒன்று உண்டு. வழிகாட்டிக்கு அது தெரிந்திருப்பதோடு, ஒருவரை இறக்கிச் செல்லத் தனியாள் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். இந்தக் கேள்விக்குத் தெளிவாக விடை சொல்லாத ஏற்பாட்டாளரை, அவர் எவ்வளவு மலிவாகக் கேட்டாலும், தவிர்த்துவிடுங்கள்.

மறுமொழி: உதகை மருத்துவர்

மேலே நண்பர் எழுதியதை முழுமையாக வழிமொழிகிறேன். மருத்துவத் தொடர்பான சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். இவை உங்கள் மருத்துவரை நேரில் பார்ப்பதற்கு மாற்று ஆகாது.

முதலாவதும் முக்கியமானதும் அந்த இருளர் இளைஞரைப் பற்றியது. நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணு இரத்தப் பண்பு (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையக்கூடிய பரம்பரைத் தன்மை) இருப்பது 1952 ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்ட செய்தி. அது அரிவாள் அணு நோயாகவே உள்ளவர்கள் இத்தகைய உயரத்துக்குச் செல்லக் கூடாது. நோய் இல்லாமல் பண்பை மட்டும் தாங்கியிருப்பவர்கள் வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வலுவாக இருப்பார்கள். ஆனால் ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் அவர்களில் சிலருக்கு மண்ணீரல் பாதிக்கப்பட்டுக் கடுமையான வயிற்றுவலி வருவதுண்டு. அவருக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் ஒன்றைத் தெரியாமல் போக வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இதைப் பற்றிக் கேட்கலாம். அவர் மனம் நோகாதபடி, ஐவருமே ஒரே நாளில் இரத்தம் கொடுத்து, ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்ல வழி. இரத்தச் சோகை உள்ளவருக்கு உயரத்தில் மூச்சு விரைவாக வாங்கும். புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே தெரிந்தால் சரிசெய்யவும் நேரம் இருக்கும்.

உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் மலைநோயின் தொடக்கம் தலைவலி. அதோடு பசியின்மை, குமட்டல், அளவுக்கு மீறிய சோர்வு, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் அதை மலைநோய் என்றே கொள்ள வேண்டும்; வெயிலால் வந்தது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. அந்நிலையில் மேலே ஒரு முகாம்கூட ஏறக் கூடாது. அங்கேயே ஓய்வெடுத்துச் சரியானால் தொடரலாம், கூடினால் இறங்க வேண்டும். இரண்டு நிலைகள் உயிருக்கு ஆபத்தானவை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் இருமலும் நுரையீரலில் நீர் கோத்துவருவதைக் காட்டும். பேச்சுக் குழறுதல், மனக்குழப்பம், தள்ளாட்டம் ஆகியவை மூளை வீங்குவதைக் காட்டும். ஐயம் எழுந்தால் அவரைக் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இரவோ மழையோ பார்க்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜன் உருளையும் மருந்தும் இறங்குவதற்குத் துணைதான்; அவற்றை வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடலாம் என்று எண்ணக் கூடாது. இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரின் எண்ணை மட்டும் நம்பியும் முடிவெடுக்க வேண்டாம். குளிர்ந்த விரலில் அது தவறாகக் காட்டும்.

மலைநோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். முன்தடுப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல்கள் மரத்ததுபோல் கூச்செறியும், சிறுநீர் அதிகமாகப் போகும். சல்ஃபா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஆசிரியர் ஐயா, உங்கள் இரத்த அழுத்த மாத்திரைகளில் சிறுநீரைப் பெருக்கும் வகை இருந்தால் இதைக் கட்டாயம் உங்கள் மருத்துவரிடம் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர் மலையேறத் தடையில்லை. மாத்திரையை மட்டும் அங்கே நிறுத்திவிடக் கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் இரவில் மூச்சைத் தளர்த்துவதால் முற்றிலும் தவிர்க்க வேண்டும். தூக்கத்தில் சில நொடிகள் மூச்சு நின்று பின் வேகமாக வாங்குவது அந்த உயரத்தில் இயல்பு; பக்கத்தில் படுத்திருப்பவர் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மறுமொழி: வட்டக்கானல் நடையர், கொடைக்கானல்

பயிற்சியைப் பற்றி யாரும் விரிவாக எழுதாததால் நான் எழுதுகிறேன். எங்கள் பழனி மலையில் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் பழைய பாதை, இப்படிப்பட்ட பயணத்துக்கு ஆயத்தமாவதற்கு மிகச் சிறந்த ஒன்று என்பது என் உறுதியான கருத்து. சாலை வருவதற்கு முன்பு மக்கள் நடந்து மலையேறிய காலத்தின் தடம் அது. ஆயிரம் மீட்டருக்கும் மேலான ஏற்றம் ஒரே நாளில் கிடைக்கிறது. அது சோக்காவிலிருந்து ஜோங்ரிக்கு ஏறும் அளவு. வனத்துறையின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு இதில் எவரும் அலட்சியம் காட்டக் கூடாது. வெள்ளகவிக்குள் ஊர் மக்கள் காலணி அணிவதில்லை. நீங்களும் ஊர் எல்லையில் கழற்றிவிட்டு நடப்பதே முறை.

ஏறுவதைவிட இறங்குவதற்கே அதிகம் பயிற்சி தேவை. ஏற்றத்தில் மூச்சு தடுக்கும், நாமாகவே நின்றுவிடுவோம். இறக்கத்தில் எதுவும் தடுக்காததால் முழங்காலும் தொடைத் தசையும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். எட்டு முதல் பத்து கிலோ எடையுள்ள முதுகுப்பையுடன் நீண்ட இறக்கம் ஒன்றை வாரம் ஒருமுறை நடங்கள். அடுத்தடுத்த இரு நாள்களில் நடப்பது இன்னும் நல்லது. களைத்த கால்களோடு மறுநாள் எழுந்து நடப்பதுதான் அங்கே உங்களுக்குக் காத்திருக்கும் வேலை. புதுக் காலணியைப் பயணத்தில் முதன்முதலாக அணியாதீர்கள்.

கேட்டவர்: கோத்தகிரி ஆசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவினர் அனைவருக்கும் படித்துக் காட்டினேன். ஓய்வு நாள் உள்ள திட்டத்தையே ஏற்பது என்று முடிவாகிவிட்டது; இரத்தப் பரிசோதனைக்கு ஐவரும் சேர்ந்து போகிறோம், அந்தத் தம்பியே முதலில் சம்மதித்தார். ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கே மழை. அக்டோபர் பயணத்துக்கு எப்போது, எங்கே நடப்பது?

மறுமொழி: சோலைப்பாதை, குன்னூர்

நீங்கள் கோத்தகிரியில் இருப்பது இந்த விஷயத்தில் நல்வாய்ப்பு. தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்கு விளிம்பில்தான் கொட்டித் தீர்க்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது நினைவிருக்கும். கிழக்குச் சரிவில் உள்ள உங்கள் பகுதிக்கு முதன்மையான மழை வடகிழக்குப் பருவத்தில் அக்டோபரில்தான் தொடங்குகிறது. எனவே ஜூலை முதல் செப்டம்பர் வரை கோடநாடு, கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் தடையின்றிப் பயிற்சி செய்யலாம். அவலாஞ்சியிலிருந்து கொலாரிபெட்டாவுக்குச் செல்லும் நடையை வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் பதிவு செய்து, மழை விட்ட நாளில் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த காற்றிலும் குளிரிலும் உங்கள் மழைச்சட்டையும் கம்பளியும் தாங்குகின்றனவா என்று அங்கேதான் தெரியும். விடியும் முன்பும் மாலை மங்கிய பின்பும் தேயிலைத் தோட்டப் பாதைகளில் பயிற்சிக்காக நடக்க வேண்டாம். கரடியும் காட்டெருமையும் உங்கள் பக்கம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் காவலர் தம்பி எந்த நேரம் சொல்கிறாரோ அந்த நேரத்தில் புறப்படுங்கள்.