லயித்தல்: பொருளும் பிறப்பும்

கேள்வி:
இசையில் மனம் முழுவதும் ஆழ்ந்துபோவதை ‘லயித்தல்’ என்கிறோம். லயம் என்ற அதே சொல் தாளத்தின் நடையையும் குறிக்கிறது. பிரளயம் என்பதிலோ அழிவாக நிற்கிறது. மூன்றும் ஒரே சொல்தானா? ஆம் எனில், அழிவுக்கும் ஈடுபாட்டுக்கும் என்ன உறவு?

மறுமொழி 1:
ஒரே சொல்தான். ‘லீ’ என்னும் வடமொழி வினையடிக்கு ஒட்டிக்கொள்ளுதல், பதிந்திருத்தல், கரைந்து மறைதல் ஆகிய பொருள்கள் உண்டு. ஒன்று மற்றொன்றில் போய்ப் பொருந்தித் தன் தனி வடிவம் தெரியாதபடி அடங்கிவிடுவதே இவற்றின் அடிப்படை. உலகம் தன் காரணத்தில் ஒடுங்கினால் பிரளயம். மனம் இசையில் ஒடுங்கினால் லயிப்பு. பொருந்தித் தங்கும் இடம் என்ற வகையில் ஆலயமும் நிலயமும் இவ்வடியில் பிறந்தவையே. பனி உறையும் இமாலயத்தையும் இவற்றோடு சேர்க்கலாம். லகரம் தமிழில் மொழிக்கு முதலில் வாராது என்பதால், பழைய நூல்கள் இகரம் சேர்த்து ‘இலயம்’ என்று எழுதின.

மறுமொழி 2:
இதை ஏற்கிறேன், ஆனால் கேள்வியிலுள்ள ‘அழிவு’ என்ற சொல்லைத் திருத்த வேண்டும். ஒடுங்கியது மீண்டும் தோன்றும், அழிந்தது தோன்றாது. ரமணர் ‘உபதேச உந்தியா’ரில் மன ஒடுக்கத்தை இலயம், நாசம் என இரண்டாகப் பிரித்து, இலயித்த மனம் மறுபடி எழும் என்கிறார். மாண்டூக்கிய உபநிடதத்துக்குக் அத்வைத ஆசிரியர் கௌடபாதர் செய்த காரிகை என்னும் செய்யுள் விளக்கம், லயத்தில் அமிழும் மனத்தை விழிக்கச் செய்யுமாறு கூறுகிறது. அங்கே லயம் உறக்கத்துக்கு ஒப்பான மயக்கம். இசை கேட்பவரைப் பாராட்டும் சொல்லே தியானத்தில் அமர்பவருக்கு எச்சரிக்கையாகிறது என்பது எனக்குப் பெருவியப்பு.

கேள்வி கேட்டவர்:
நன்றி, மிகவும் தெளிந்தேன். தாளத்தின் லயம் மட்டும் இதில் எப்படிப் பொருந்தும்?

மறுமொழி 2:
ஒரு தட்டு முடிந்தபின் அடுத்த தட்டு வரும்வரை உள்ள ஓய்வையே ‘சங்கீத ரத்நாகரம்’ என்னும் வடமொழி இசை நூல் லயம் என்று வரையறுக்கிறது. ஒலி ஒடுங்கியிருக்கும் அந்த இடைவெளி குறுகினால் துரிதம், நீண்டால் விளம்பம், இரண்டுக்கும் நடுவே நின்றால் மத்திமம். வேகம் என்ற பொருள் இதன் வழியே வந்தது.

மறுமொழி 3:
தமிழில் தோய்தல், கரைதல், ஒன்றுதல் ஆகியவை இதற்கு அருகில் உள்ளன. எனினும் சாயத்தில் தோய்ந்த துணி துணியாகவே இருந்து நிறத்தை ஏற்கிறது. கரைந்ததோ தன் உருவை இழக்கிறது. கேட்டு முடித்த பிறகும் பாடல் நெஞ்சில் தங்கியிருந்தால் ‘தோய்ந்தேன்’ என்றும், கேட்கும்போது தன்னையே மறந்திருந்தால் ‘கரைந்தேன்’ என்றும் எழுதுவது என் வழக்கம்.