குடும்பக் குழு: அருணின் டேனிங் படுக்கை

அருண்: நிர்மலா சித்தி, ஒரு சந்தேகம். நாளை மாலை டேனிங் படுக்கையில், அதாவது புற ஊதா விளக்குகளால் தோலைக் கறுக்கவைக்கும் படுக்கையில், படுக்க நேரம் வாங்கியிருக்கிறேன். நேற்று நெஞ்சிலும் காலிலும் முடி மழித்தது பொரிப்பொரியாகச் சிவந்திருக்கிறது. முட்டிக்குக் கீழே பிளேடு கிழித்த இடமும் ஆறவில்லை. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுத்தால் போதுமா?

பெரியப்பா: வெயிலில் ஆடாதே, கறுத்துவிடுவாய் என்று உன் அம்மா கத்தாத நாளில்லை. இப்போது காசு கொடுத்துக் கறுக்கப் போகிறானாம்!

அருண்: ஆணழகன் போட்டி, பெரியப்பா. மேடை வெளிச்சத்தில் உடம்பு வெளுத்துத் தெரிந்தால் தசைக்கோடுகள் எடுபடாது.

நிர்மலா சித்தி: காயத்துக்குப் பிளாஸ்திரி சரி, நெஞ்சு முழுக்கச் சிவந்திருக்கிறதே, அதற்கு எதை ஒட்டுவாய்? பிளேடு முடியோடு தோலின் மேற்பரப்பையும் கொஞ்சம் சுரண்டிவிடும். அதன்மேல் புற ஊதாக் கதிர் பட்டால் எரிச்சல் கூடும். பொரி இருந்த இடமெல்லாம் கரும்புள்ளியாக நிற்கும். நம் நிறத்துக்கு அது மாதக்கணக்கில் மறையாது.

தீபா: வாஸ்லின் தடவிக்கொண்டால்?

நிர்மலா சித்தி: அது காயம் உலர்ந்துபோகாமல் காக்கும், கதிரைத் தடுக்காது. மெல்லிய கட்டுத்துணியும் அப்படித்தான். விளக்குக்கு நேரே பிடித்துப் பார், வெளிச்சம் ஊடுருவினால் அது மறைப்பே இல்லை. சன்ஸ்கிரீனைத் திறந்த காயத்தில் தடவவே கூடாது.

தீபா: படுக்கையைத் துடைத்துவிட்டுத்தானே கொடுப்பார்கள், சித்தி?

நிர்மலா சித்தி: கிருமிநாசினி ஈரமாகச் சில நிமிடமாவது நின்றால்தான் வேலை செய்யும். தெளித்த கையோடு துடைத்தால் வாசனைதான் மிச்சம். வியர்த்த வெற்றுடம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கிற பலகை, அதில் இவன் கிழிந்த காலை வைக்கப் போகிறான். கதிரே கிருமியைக் கொன்றுவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். அந்தப் படுக்கையின் விளக்குக் குழல்களில் வருவது பெரும்பாலும் யூவிஏ என்ற வகைப் புற ஊதாக் கதிர். கிருமி நீக்கும் விளக்கில் வருவது யூவிசி என்ற வேறு வகை.

நிர்மலா சித்தி: அருண், மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா?

அருண்: முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின். அதற்கும் இதற்கும் என்ன?

நிர்மலா சித்தி: நல்ல வேளை, கேட்டேன். பிளாஸ்திரிப் பேச்சையே விடு. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது யூவிஏ பட்டால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். சிலருக்கு நகமே சதையைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். முதலில் அந்த நேரத்தை ரத்து செய்.

பெரியப்பா: என் நண்பர் ஒருவருக்குச் சோரியாசிஸ், தோல் செதில்செதிலாக உரியும் நோய். ஆஸ்பத்திரியிலேயே கதிர் காட்டுகிறார்களே?

நிர்மலா சித்தி: அது யூவிபி என்ற இன்னொரு வகை, 311 நானோமீட்டர் அலைநீளம், அத்தான். ஒவ்வொரு முறையும் தோலைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். டேனிங் கருவிகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-லேயே புகையிலையோடு முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்துவிட்டது. அதே ஆண்டு பிரேசில் அவற்றைத் தடையும் செய்தது.

அருண்: அப்படியானால் போட்டிக்கு என்ன செய்வது?

நிர்மலா சித்தி: ஸ்ப்ரே நிறம் அடித்துக்கொள். அதையும் சிவப்பு அடங்கி, பொருக்கு தானாக உதிர்ந்த பிறகு. சொரசொரப்பான இடத்தில் நிறம் அதிகம் ஏறித் திட்டுத்திட்டாகத் தெரியும். பொருக்கைப் பிய்க்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

அருண்: ரத்து செய்துவிட்டேன். முன்பணம் திரும்பி வராதாம்.

பெரியப்பா: மொட்டைமாடியில் ஓசியிலேயே கறுத்திருக்கலாம்.

நிர்மலா சித்தி: அத்தான், மொட்டைமாடியும் கூடாது. அந்த மாத்திரைக்கு வெயிலும் ஆகாது.